பதிப்பகமா, சொந்தப் பதிப்பா? புதிய எழுத்தாளருக்கு ஓர் எளிய விளக்கம்

நாவலோ கட்டுரைத் தொகுப்போ எழுதி முடித்த கையோடு ஒரு கேள்வி வந்து நிற்கும். இதைப் பதிப்பகத்திடம் கொடுப்பதா, நாமே போட்டுவிடுவதா? யாரைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கும். "பதிப்பகம் போட்டால்தான் மதிப்பு" என்பார் ஒருவர். "கஷ்டப்பட்டு எழுதுவது நீங்கள், லாபம் அவர்களுக்கா?" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் முதல் புத்தகத்தோடு நிற்கிறவர் இதை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது.

மதிப்பு, சுதந்திரம் போன்ற பெரிய சொற்களை ஓரமாக வைத்துவிட்டு மூன்று விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். புத்தகத்தை உருவாக்கும் செலவு யாருடையது? விற்காமல் போனால் நஷ்டம் யாருக்கு? அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகள் யார் கையில், எத்தனை காலத்துக்கு இருக்கும்? எந்த ஏற்பாடாக இருந்தாலும், அதன் பெயர் என்னவாக இருந்தாலும், இந்த மூன்று கேள்விகளுக்கான பதிலில் அதன் உண்மையான முகம் தெரிந்துவிடும்.

பதிப்பகம் என்ன செய்கிறது

ஒரு பதிப்பகம் உங்கள் பிரதியை ஏற்றுக்கொள்கிறது என்றால் முதல் போடுவது அவர்கள். எடிட்டர் பிரதியை வாசித்து எங்கே தொய்வடைகிறது, எந்த அத்தியாயம் தேவையில்லை என்று சொல்வார். அப்புறம் மொழியையும் தகவலையும் சரிபார்ப்பவர், பக்க வடிவமைப்பாளர், அட்டை வடிவமைப்பாளர், மெய்ப்பு பார்ப்பவர் என்று பிரதி பல கைகள் மாறும். அச்சடிப்பது, கிடங்கில் வைப்பது, கடைகளுக்கு அனுப்புவது, மதிப்புரைக்குப் பிரதி கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இதற்கெல்லாம் எழுத்தாளர் ஒரு காசும் தர வேண்டியதில்லை. புத்தகம் ஓடாவிட்டால் நஷ்டமும் அவர்களுக்குத்தான். அதனால் விலை, அட்டை, வெளியீட்டு நாள், சில சமயம் தலைப்பு வரை கடைசி முடிவு பெரும்பாலும் பதிப்பகத்தின் கையில் இருக்கும். பணம் போடுகிறவர் முடிவெடுக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் பிறகு மனக்கசப்பு வராது.

காத்திருக்கத் தெரிய வேண்டும். பிரதிக்குப் பதில் வரவே மாதங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். ஒப்பந்தம் ஆன பிறகும் பெரிய பதிப்பகங்களில் புத்தகம் கடைக்கு வர ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுகள் ஆவது சாதாரணம். ஆங்கிலப் பதிப்புலகில் பெரிய நிறுவனங்கள் பல, எழுத்தாளரிடமிருந்து நேராகப் பிரதி வாங்குவதில்லை. எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்தோடு பேசும் இலக்கிய முகவர் வழியாகத்தான் போக வேண்டும். முகவர், எழுத்தாளருக்கு வரும் வருமானத்தில் வழக்கமாக 15 சதவீதம் எடுத்துக்கொள்வார். வாசிப்பதற்கே கட்டணம் கேட்கிற முகவர் என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

ராயல்டி: எதில் சதவீதம்?

விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் எழுத்தாளருக்கு வரும் பங்குதான் ராயல்டி. ஆங்கிலப் பதிப்புலகில் கெட்டி அட்டைப் புத்தகத்துக்கு விலையில் 10 முதல் 15 சதவீதம், சாதா அட்டைக்கு 5 முதல் 8 சதவீதம், மின்னூலுக்குப் பதிப்பகத்தின் கையில் வந்து சேரும் தொகையில் 25 சதவீதம் என்பது நெடுநாள் வழக்கம். புதியவர்கள் எல்லோரும் "எத்தனை சதவீதம்?" என்று கேட்கிறார்கள். "எதில் சதவீதம்?" என்று கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டிய வரி அதுதான்.

ஒரு புத்தகத்தின் அட்டை விலை 300 என்று வைத்துக்கொள்வோம். கடைக்கும் விநியோகஸ்தருக்கும் கழிவு 50 சதவீதம் போகிறது. பதிப்பகத்தின் கையில் வருவது 150. "அட்டை விலையில் 10 சதவீதம்" என்று எழுதியிருந்தால் உங்களுக்கு 30 வரும். "நிகர வரவில் 10 சதவீதம்" என்று எழுதியிருந்தால் 15தான். இரண்டு ஒப்பந்தத்திலும் 10 என்ற எண்தான் இருக்கிறது, வருமானமோ சரிபாதி. நிகர வரவு என்ற சொல் வந்தாலே, எதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவது நிகரம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கழிவு மட்டும் கழிகிறதா, அச்சுச் செலவும் அனுப்பும் செலவும் சேர்ந்து கழிகிறதா என்பதைப் பொறுத்து அந்த 15 இன்னும் சுருங்கலாம்.

அட்வான்ஸ் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. அது சம்பளம் கிடையாது, வரப்போகும் ராயல்டியை முன்கூட்டியே கொடுப்பது. 60,000 அட்வான்ஸ் வாங்கியிருக்கிறீர்கள், ஒரு பிரதிக்கு ராயல்டி 30 என்றால், முதல் 2,000 பிரதிகள் விற்கும்வரை உங்களுக்கு வேறு பணம் வராது. 2,001ஆவது பிரதியிலிருந்துதான் மறுபடி வரத் தொடங்கும். அந்த 2,000 விற்காமலே போனால்? வழக்கமான ஒப்பந்தத்தில், பிரதியை ஒழுங்காக எழுதிக் கொடுத்த எழுத்தாளர் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டியதில்லை. நஷ்டத்தைப் பதிப்பகம் சுமக்கிறது என்பதன் பொருள் இதுதான்.

இன்னொன்று, கடைக்குப் போன புத்தகமெல்லாம் விற்ற புத்தகம் ஆகாது. விற்காததைக் கடைகள் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பும் வழக்கம் அமெரிக்காவில் 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேரூன்றியது. கடைகள் புதிய எழுத்தாளரைத் துணிந்து வாங்கி வைக்கட்டும் என்பதற்காகப் பதிப்பகங்கள் கொடுத்த சலுகை அது. இன்றும் அது தொடர்வதால், திரும்பி வரக்கூடிய பிரதிகளுக்காக ராயல்டியில் ஒரு பகுதியைப் பதிப்பகம் நிறுத்தி வைத்துக்கொள்வது உண்டு. எவ்வளவு, எத்தனை காலம் நிறுத்தலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் வரம்பு இருக்க வேண்டும்.

நாமே போடுவது

சொந்தப் பதிப்பில் மேலே சொன்ன வேலைகள் ஒன்றுகூடக் குறையாது. செய்யும் ஆள் மட்டும் மாறுகிறார். எடிட்டரை நீங்கள் தேட வேண்டும், அட்டைக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டும், மெய்ப்பு திருத்திய பிறகு பக்கங்களை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். நீங்கள் எழுத்தாளர் மட்டும் இல்லை, சின்னதாக ஒரு பதிப்பகத்தின் முதலாளியும்கூட. லாபம் முழுவதும் உங்களுக்கு, கடனும் உங்களுக்கு.

செலவைச் சுருக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது எடிட்டிங்கில். அதைத்தான் கடைசிவரை விடக் கூடாது என்று சொல்வேன். பதிப்பகம் ஒரு பிரதியைத் திருப்பி அனுப்பும்போது மனசு வலிக்கும். ஆனால் "இது இன்னும் தயாராகவில்லை" என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இருக்கிறார். சொந்தப் பதிப்பில் அப்படி வேண்டாம் என்று சொல்ல யாரும் இல்லை. முதல் வரைவையே அச்சுக்கு அனுப்பிவிடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். வாசகர் காசு கொடுத்து வாங்கிய பிறகுதான் அந்தத் தீர்ப்பு வரும். அதனால் காசு கொடுத்தாவது, உங்களிடம் முகத்துக்கு நேராகக் குறை சொல்லக்கூடிய ஒருவரை அந்த இடத்தில் உட்கார வையுங்கள். நண்பர்கள் அந்த வேலைக்கு ஆக மாட்டார்கள், அவர்களுக்கு உங்கள் மேல் பிரியம் அதிகம்.

அச்சிடுவதில் இரண்டு வகை. ஆஃப்செட் முறையில் மொத்தமாக அடித்தால் ஒரு பிரதிக்கான அடக்கவிலை குறையும், ஆனால் ஆயிரம் பிரதி அடித்தால் ஆயிரமும் உங்கள் வீட்டு அறையில்தான் அடுக்கியிருக்கும். பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில் ஆர்டர் வந்த பிறகு ஒவ்வொன்றாக அச்சாகும். அடக்கவிலை கூடுதல், ஆனால் தேங்கும் சரக்கு இல்லை. தன் வாசகர் எத்தனை பேர் என்று தெரியாத முதல் புத்தகக்காரருக்கு இரண்டாவதுதான் பாதுகாப்பு. கடை அலமாரி வேண்டும் என்று ஆசைப்படுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆர்டருக்கு அச்சாகும் புத்தகங்களைப் பெரும்பாலும் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை, அதனால் கடைகள் அவற்றை வாங்கி வைக்கத் தயங்கும்.

மின்னூலுக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. 2007 நவம்பரில் கிண்டில் கருவியோடு அமேசான் தன் சுயபதிப்புத் தளத்தைத் திறந்தது. இன்று கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங், சுருக்கமாக கேடிபி, என்று அதைச் சொல்கிறார்கள். அங்கே மின்னூலுக்கு 35 சதவீதம், 70 சதவீதம் என்று இரண்டு ராயல்டி விகிதங்கள் உண்டு. பார்த்தவுடன் எல்லோரும் 70ஐத்தான் எண்ணிக்கொள்வார்கள். ஆனால் அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. விலை அவர்கள் குறிப்பிடும் வரம்புக்குள் இருக்க வேண்டும். கோப்பின் அளவுக்கு ஏற்ப அனுப்பும் கட்டணம் கழியும், படங்கள் நிறைந்த புத்தகத்துக்கு இது கடிக்கும். சில நாடுகளில் நடக்கும் விற்பனைக்கு, கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்திருந்தால்தான் 70 கிடைக்கும். அந்தத் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறு எங்கும் விற்கக் கூடாது, உங்கள் சொந்த இணையதளத்தில்கூடப் போட முடியாது. நீங்களாக மாற்றாவிட்டால் அடுத்த 90 நாளுக்குத் தானாகவே நீளும். அச்சுப் புத்தகத்தை இந்தக் கட்டுப்பாடு தொடாது.

புத்தகத்தை அடையாளம் காட்டும் எண்ணான ஐஎஸ்பிஎன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007இலிருந்து அது 13 இலக்க எண். கெட்டி அட்டை, சாதா அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். கிண்டில் மின்னூலுக்கு மட்டும் அது கட்டாயமில்லை. ஒரு தளம் இலவசமாகத் தரும் எண்ணைப் பயன்படுத்தினால், அந்த எண்ணோடு வேறு இடத்தில் அதே புத்தகத்தை அச்சிட முடியாமல் போகலாம். பதிப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரோ உங்கள் பதிப்பகத்தின் பெயரோ வர வேண்டுமானால், எண்ணை நீங்களே வாங்குவது நல்லது.

பதிப்பகம் போலத் தோன்றும் மூன்றாவது வகை

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

பெயரில் பதிப்பகம் இருக்கும். உங்கள் பிரதியைப் பார்த்து ஒரு வாரத்திலேயே பாராட்டுக் கடிதம் வரும். "தேர்வுக் குழு உங்கள் நூலைத் தேர்ந்தெடுத்துவிட்டது" என்று சொல்வார்கள். அதற்குக் கீழே, அச்சுக்கும் விளம்பரத்துக்கும் இவ்வளவு தொகை கட்ட வேண்டும் என்று ஒரு வரி வரும். சிலர் கட்டணம் என்று சொல்லாமல், "நீங்கள் 200 பிரதிகள் வாங்கிக்கொள்ள வேண்டும்" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இவற்றை வேனிட்டி பிரஸ் என்பார்கள்.

நம் மூன்று கேள்விகளை இங்கே வைத்துப் பாருங்கள். செலவு உங்களுடையது. விற்காவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. உரிமையோ அவர்களிடம் போய்விடுகிறது, ராயல்டி என்று ஒரு சிறு சதவீதம் உங்களுக்குக் "கொடுக்கிறார்கள்". பதிப்பகத்தின் பாதகமும் சொந்தப் பதிப்பின் பாதகமும் சேர்ந்து உங்கள் தலையில் விழுகின்றன. அவர்கள் லாபம் உங்கள் பணத்திலேயே வந்துவிட்டதால், புத்தகத்தை விற்க அவர்களுக்கு அவசரமே கிடையாது. பணம் எப்போதும் எழுத்தாளரை நோக்கித்தான் வர வேண்டும் என்பதை ஆங்கில எழுத்தாளர்கள் யோக் விதி என்று சொல்வார்கள். அதைப் புதியவர்களுக்கு இதற்காகத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

காசு வாங்குகிறவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எடிட்டிங்குக்கு இவ்வளவு, அட்டைக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் கொடுத்து, வேலையை முடித்து, கோப்புகளையும் உரிமையையும் உங்களிடமே விட்டுவிட்டுப் போகிறவர்கள் நேர்மையான சேவை நிறுவனங்கள். கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு உரிமையையும் கேட்டால் அங்கே கையெழுத்துப் போட வேண்டாம்.

உரிமை

எழுதிய அந்தக் கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. 1886இல் உருவான பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்துள்ள நாடுகளில் அதற்குப் பதிவு தேவை என்ற நிபந்தனை கிடையாது. பதிப்பகத்துக்கு நீங்கள் கொடுப்பது வெளியிடும் அனுமதி. ஒப்பந்தத்தில் "பதிப்புரிமையை முழுவதுமாக மாற்றித் தருகிறேன்" என்று இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். நாவல், கதை, கவிதை போன்றவற்றுக்கு அப்படிக் கேட்க நியாயமான காரணம் அபூர்வம்.

அனுமதியிலும் எல்லை வேண்டும். எந்த மொழி, எந்த நாடுகள், எந்த வடிவம் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். அச்சு மட்டும் போடும் பதிப்பகத்துக்கு ஒலிநூல் உரிமையும் திரைப்பட உரிமையும் எதற்கு? அவற்றை விற்றுத்தரும் ஆட்களும் அனுபவமும் அவர்களிடம் இருந்தால் கொடுக்கலாம், பங்கு எவ்வளவு என்று பேசிவிட்டு. இல்லையென்றால் அந்த உரிமைகள் அலமாரியில் தூங்கும்.

உரிமை எப்போது திரும்பி வரும் என்பதுதான் ஒப்பந்தங்களில் இன்று மிகவும் பழசாகிப்போன பகுதி. முன்பு "புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும்" என்று எழுதினால் போதும். கையிருப்பு தீர்ந்து, மறுபதிப்பும் வரவில்லையென்றால் உரிமை தானாக வந்துவிடும். இப்போது மின்னூல் ஒன்று இருந்தாலே புத்தகம் கிடைக்கிறது என்றுதான் கணக்கு. ஆண்டுக்கு இரண்டு பிரதி விற்றாலும் அது "அச்சில் இருக்கிறது". உரிமை வாழ்நாள் முழுக்க மாட்டிக்கொள்ளும். அதனால், பன்னிரண்டு மாதத்தில் இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் எழுத்தாளர் கேட்டதும் உரிமை திரும்பும் என்று ஓர் எண்ணைப் போட்டு எழுத வேண்டும். அந்த எண் என்ன என்பது பேச்சுவார்த்தை. எண்ணே இல்லாத ஒப்பந்தத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சரி, உங்கள் புத்தகத்துக்கு எது?

எழுத்தாளரின் குணத்தைவிடப் புத்தகத்தின் குணத்தைப் பார்த்தால் விடை சீக்கிரம் கிடைக்கும்.

விருது, நூலகம், நாளிதழ் மதிப்புரை, பாடத்திட்டம் இவற்றின் வழியாக வாசகரை அடையும் புத்தகம் என்றால் பதிப்பகத்தை முதலில் முயன்று பாருங்கள். ஆங்கில நாவல்களுக்கான புக்கர் போன்ற பரிசுகளுக்குப் புத்தகத்தைச் சமர்ப்பிப்பது பதிப்பகம்தான், தானே வெளியிட்ட நூல் அங்கே தகுதி பெறாது. குழந்தைகளுக்கான வண்ணப் படப் புத்தகமும் அச்சுத்தரத்தால் செலவு பிடிக்கும் விஷயம், அதற்கும் பின்னால் ஒரு முதலீட்டாளர் இருப்பது நல்லது. ஆண்டுக்கு இரண்டு மூன்று என்று வேகமாக வரும் காதல் கதை, துப்பறியும் கதை வரிசைகளுக்குப் பதிப்பகத்தின் வேகம் ஒத்துவராது. அவற்றின் வாசகர்கள் மின்னூலில் ஏற்கெனவே இருக்கிறார்கள், சொந்தப் பதிப்பு பொருந்தும். ஒரு குறிப்பிட்ட தொழிலையோ நோயையோ கலையையோ பற்றி, சில நூறு பேருக்கு மட்டும் மிகவும் தேவைப்படும் நூல் என்றால், அந்தச் சில நூறு பேரை நீங்கள் நேரில் அறிந்திருந்தால், பதிப்பகத்துக்காகக் காத்திருக்கக் காரணமே இல்லை.

வாசகர்கள் ஏற்கெனவே இருக்கிறார்களா என்பது இங்கே பெரிய விஷயம். அமெரிக்க மிகைபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2022இல், வாசகர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்டர் தளம் வழியாக நான்கு நாவல்களைத் தானே வெளியிட 4 கோடி டாலருக்கும் மேல் திரட்டினார். பலரும் இதைச் சொந்தப் பதிப்பின் வெற்றிக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். அதற்கு முன் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பதிப்பகங்கள் வழியாகச் சேர்ந்த வாசகர் கூட்டம் அவருக்கு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்றை எடுத்தால் இன்னொன்று போய்விடுமா?

போகாது. பீட்டர் முயலின் கதையைப் பல பதிப்பாளர்கள் மறுத்தபோது, அதை எழுதிய ஆங்கிலேயரான பீட்ரிக்ஸ் பாட்டர் 1901 டிசம்பரில் தன் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். குழந்தையின் கைக்கு அடங்கும் சின்னப் புத்தகமாக இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அச்சான பிரதி கையில் இருந்தது, வாங்க ஆளும் இருந்தார்கள். 1902 அக்டோபரில் ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் அதை வண்ணப் படங்களோடு வெளியிட்டது. வண்ணம் பதிப்பாளர் கேட்டது, சின்ன அளவு எழுத்தாளர் விடாதது. இரண்டும் அந்தப் புத்தகத்துக்கு நல்லதே செய்தன.

நம் காலத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஹ்யூ ஹோவி 2011இல் தானே மின்னூலாக வெளியிட்ட 'வூல்' வரிசை நன்றாக விற்றது. பதிப்பகங்கள் தேடி வந்தபோது, 2012இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் என்ற பெரிய பதிப்பகத்துக்கு அவர் அச்சு உரிமையை மட்டும் கொடுத்தார். மின்னூலைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். கடைகளுக்குக் கொண்டுபோகும் வலு பதிப்பகத்திடம் இருந்தது, மின்னூல் விற்பனை ஏற்கெனவே அவர் கையில் ஓடிக்கொண்டிருந்தது. உரிமைகளைத் தனித்தனியாகப் பிரிக்கலாம் என்று தெரிந்ததால்தான் அவரால் அப்படிக் கேட்க முடிந்தது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. தானே வெளியிட்டு மிகக் குறைவாக விற்ற புத்தகத்தைப் பதிப்பகம் மறுபடி எடுப்பது கடினம், அந்த விற்பனையே அவர்கள் பார்க்கும் கணக்காகிவிடும். பதிப்பகங்களுக்கு அனுப்பும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் முதலில் அனுப்புங்கள். எத்தனை இடம், எத்தனை மாதம் என்று நீங்களே ஒரு கெடு வைத்துக்கொண்டு, அதுவரை அடுத்ததை எழுதிக்கொண்டிருங்கள். கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் எடிட்டரைத் தேடத் தொடங்கலாம்.